தென்னாப்பிரிக்காவில் வீடு வாங்கும்போது: பத்திரமும் பாண்டும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லியிருப்பவை தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, டர்பன் பக்கத்து வழக்கத்தை ஒட்டியவை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட், லெனேசியா என்று எங்கே வீடு வாங்கினாலும் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: பெயரின் எழுத்து, கோயில் கல்யாணம், இறந்தவர் பெயரிலேயே நிற்கும் பத்திரம். வீட்டைப் பார்த்த அன்றே இந்த மூன்றையும் விசாரித்தால் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்காது. ஆகவே அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

விலை பேசி முடித்தாயிற்று, முன்பணமும் கொடுத்தாயிற்று. வீடு நமக்குத்தானே?

இல்லை. 1981-ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டப்படி, எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் வீட்டு விற்பனை செல்லும். சாட்சிகள் முன்னால் பேசியதும், வாட்ஸாப்பில் ‘சரி’ என்று அனுப்பியதும் கணக்கில் வராது. நில விற்பனைக்கு மின்கையெழுத்தையும் சட்டம் ஏற்பதில்லை. செல்பேசித் திரையில் விரலால் கிறுக்காமல் பேனாவால் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்புவதில் தவறில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கிறது. ‘ஆஃபர் டு பர்ச்சேஸ்’ என்று தலைப்பு இருப்பதால், இது வெறும் விருப்பக் கடிதம், பிடிக்காவிட்டால் விலகிவிடலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். விற்பவரும் கையெழுத்திட்ட நிமிடமே அது முழு விற்பனை ஒப்பந்தம் ஆகிவிடும். ஐந்து நாளுக்குள் மனம் மாறலாம் என்ற சலுகையை அந்தச் சட்டம் தருவது விலை 2,50,000 ராண்ட் அல்லது அதற்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு மட்டும். இன்றைய விலையில் அது பெரும்பாலோருக்குப் பொருந்தாது.

கையெழுத்துக்கு முன் அந்தத் தாளில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பாண்டு நிபந்தனை. பாண்டு என்றால் இங்கே வீட்டுக்கடன். எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிக்குள் வங்கி சம்மதிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தேதி கடந்துவிட்டால் ஒப்பந்தம் தானாகவே செத்துவிடும். மறுநாள் வங்கி ‘ஆம்’ என்றாலும் உயிர் வராது. நாள் போதாது என்று தெரிந்தால், தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்பை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பத்து லட்சம் ராண்டுக்கு என்று எழுதிவிட்டு வங்கி ஒன்பது லட்சம் தந்தால் நிபந்தனை நிறைவேறவில்லை என்று பொருள். மீதியைக் கையிலிருந்து போட முடியுமா என்று யோசித்து, அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

அடுத்தது வீட்டோடு எவை வரும் என்ற பட்டியல். அடுப்பு, கேட் மோட்டார், மழைநீர்த் தொட்டி, சோலார் பலகை, இன்வெர்ட்டர், பின்புற மர அறை எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இன்வெர்ட்டரைக் கழற்றிக்கொண்டு போனபிறகு நடக்கும் சண்டைக்கு அளவே இல்லை.

மூன்றாவது குடியேறும் தேதி. பதிவுக்கு முன்பே குடியேறினால் மாதாமாதம் விற்பவருக்குக் குடியிருப்பு வாடகை கொடுக்க வேண்டும். தொகையை அப்போதே எழுதிவிடுங்கள். பதிவு ஆகும்வரை சுவர் இடிப்பது, டைல்ஸ் மாற்றுவது எதுவும் வேண்டாம். ஒப்பந்தம் கலைந்தால் அந்தச் செலவைத் திரும்பப் பெறுவது கடினம்.

தெருப் பெயரும் கதவு எண்ணும் மட்டும் போதாது. ‘எர்ஃப்’ எண், அதாவது மனை எண், சரியாக இருக்க வேண்டும். பத்திரப் பதிவகம் நிலத்தை அந்த எண்ணால்தான் அடையாளம் காண்கிறது.

விற்பவர்தான் உரிமையாளரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

‘டீட்ஸ் சர்ச்’ எடுங்கள். சிறு கட்டணம்தான். குவாசுலு-நாட்டால் வீடுகளின் பதிவு பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும், லெனேசியா வீடுகளின் பதிவு ஜோகன்னஸ்பர்கிலும் இருக்கும். உரிமையாளர் பெயர், அடையாள எண், அவர் வாங்கிய விலை, மேலே நிற்கும் பாண்டு, தடை உத்தரவு எல்லாம் அதில் தெரியும்.

பழைய நகரசபை வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. குடும்பம் தலைமுறையாகக் குடியிருக்கும், தவணையும் கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் பத்திரம் இன்னும் நகரசபை பெயரிலேயே இருக்கும். அப்படியானால் முதலில் அது அவர்கள் பெயருக்கு மாற வேண்டும். அதுவரை அவர்களால் உங்களுக்கு மாற்றித் தர முடியாது. அரசு மானியத்தில் கிடைத்த ஆர்டிபி வீட்டைப் பெற்ற எட்டு ஆண்டுக்குள் விற்க வீட்டுவசதிச் சட்டம் தடை போடுகிறது. அதற்குள் யாராவது விலை பேசினால் காசு கொடுக்காதீர்கள்.

வீடு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார். போதுமா?

போதாது. பிள்ளைகள் பத்துப் பேரும் ஒரே மனதாக இருந்தாலும், உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் தரும் நியமனக் கடிதம் கையில் உள்ளவர்தான் இறந்தவர் சொத்தைக் கையாள முடியும். அவர்தான் எக்ஸிக்யூட்டர். அந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் போட்ட விற்பனைக் கையெழுத்து செல்லாது. முன்பணத்தை அவர்கள் கையில் கொடுத்தவர்கள் திண்டாடுவது இதனால்தான்.

மாஸ்டர் அலுவலகத்துக்கு இறப்புச் சான்று, உயில் இருந்தால் அதன் மூலப்பிரதி, சொத்துப் பட்டியல், வாரிசுகளின் விவரம் போக வேண்டும். சொத்து 2,50,000 ராண்டுக்குள் இருந்தால் சுருக்கமான வழியில் அதிகாரக் கடிதம் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் முழு நடைமுறை: கடன்காரர்களுக்கு 30 நாள் அவகாசம் கொடுத்து அரசிதழிலும் பத்திரிகையிலும் அறிவிப்பு, பிறகு கணக்கு தயாரித்து 21 நாள் பார்வைக்கு வைப்பது. எக்ஸிக்யூட்டர் வீட்டை வெளியாருக்கு விற்கும்போது, மாற்றுப் பத்திரத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று மாஸ்டரின் ஒப்புதலும் வேண்டும். மாஸ்டர் அலுவலகத்தில்தான் காத்திருப்பு அதிகம். வழக்கமான மூன்று மாதக் கணக்கு இங்கே பொருந்தாது.

இன்னொரு முடிச்சு: தாத்தா இறந்து, அவர் சொத்து விவகாரம் முடிவதற்குள் பாட்டியும் இறந்திருப்பார். அப்போது இரண்டு எஸ்டேட் (இறந்தவர் விட்டுப்போன சொத்து), இரண்டு நியமனக் கடிதம். ‘பாட்டி பங்கு தானாக வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “நியமனக் கடிதத்தின் நகல் காட்டுங்கள்.” காட்ட முடியாவிட்டால், அந்தக் கடிதம் வந்தபிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வீட்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வாரிசே வீட்டைப் பங்காகப் பெற்றால் டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்னும் சொத்து மாற்று வரி இல்லை. விலக்குச் சான்று மட்டும் சார்ஸ் என்னும் வரித் துறையிலிருந்து வர வேண்டும்.

அடையாள அட்டையில் ஒரு பெயர், பழைய பத்திரத்தில் வேறு எழுத்து. என்ன செய்வது?

நம்மவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் தமிழ் தெரியாத எழுத்தர்கள். பிள்ளை, நாயுடு, கவுண்டர், படையாச்சி, செட்டி ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் நிற்கின்றன. அப்பா பெயர் ஒரு தலைமுறையில் குடும்பப்பெயராகி, அடுத்ததில் வேறாகியிருக்கும். பத்திரப் பதிவகத்துக்கு இது புதிதல்ல, ஆனால் சும்மா விடமாட்டார்கள். பெயரோ அடையாள எண்ணோ ஒத்துப்போகாவிட்டால் கோப்பு திரும்பி வரும்.

மூன்று நிலை உண்டு. பத்திரத்தில் எழுத்துப் பிழை மட்டும் என்றால், இருவரும் ஒரே ஆள் என்று சத்தியக் கடிதம் கொடுத்து, பதிவாளர் திருத்தம் செய்யலாம். கல்யாணத்தாலோ சட்டப்படியோ பெயர் மாறியிருந்தால், அதற்கான சான்றோடு பத்திரத்தில் பெயர் மாற்றக் குறிப்பு ஏற்ற வேண்டும். அடையாள அட்டையே தவறு என்றால் முதலில் உள்துறை அலுவலகத்தில் திருத்த வேண்டும். இதுதான் அதிக நாள் தின்னும், ஆகையால் வீடு தேடத் தொடங்கும்போதே போய்விடுங்கள். பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, அடையாள அட்டை, வரி எண், வங்கிக் கணக்கு ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

எங்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது. வீட்டில் மனைவிக்குத் தானாகப் பங்கு உண்டா?

கல்யாணத்தை நடத்திய குருக்கள் அரசு நியமித்த திருமண அதிகாரியா, அன்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாரா என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அது சட்டப்படியான திருமணம். முன்கூட்டியே நோட்டரி முன் திருமண ஒப்பந்தம் எழுதாதவர்கள் தானாகவே ‘கூட்டுச் சொத்து’ முறைக்குள் வந்துவிடுவார்கள். வீடு யார் பெயரில் வாங்கினாலும் இருவருக்கும் பாதிப் பாதி, பத்திரத்தில் இரண்டு பெயரும் ஏறும், விற்கவோ பாண்டு எடுக்கவோ மற்றவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

தாலி கட்டியதோடு சரி, பதிவேதும் இல்லை என்றால் பத்திரப் பதிவகத்தின் கண்ணில் இருவரும் மணமாகாதவர்கள். ஊருக்கும் உறவுக்கும் அவர் மனைவி, பத்திரத்தில் அவர் பெயர் எங்கும் இருக்காது. உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில், இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய நிம்மதிதான். ஆனால் கணவர் இறந்தபின் நீதிமன்றம் போய் பெறும் உரிமையைவிட, வாங்கும் அன்றே பத்திரத்தில் பாதி எழுதிக்கொள்வது எவ்வளவோ மேல். இருவரும் வாங்குபவராகக் கையெழுத்திடுங்கள். இதற்குத் தனிச் செலவு கிடையாது. இதை நாங்கள் வற்புறுத்திச் சொல்கிறோம்.

கோயில் கல்யாணம் முடிந்து பிறகு உள்துறையில் பதியப் போகிறவர்கள், சொத்து தனித்தனியாக இருக்க வேண்டுமானால் அந்தப் பதிவுக்கு முன்பே நோட்டரியிடம் ஒப்பந்தம் போட வேண்டும். கையெழுத்திட்ட மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்திலும் அது ஏற வேண்டும்.

தமிழ்நாட்டில் மணந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள்?

திருமணத்தின்போது கணவரின் நிரந்தர வாழிடம் எதுவோ, அந்த நாட்டுச் சட்டம் பொருந்தும். பத்திரத்தில் ‘இந்தியச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணம்’ என்று எழுதுவார்கள். பின்னால் விற்கும்போது கணவன் மனைவி இருவர் கையெழுத்தும் கேட்பார்கள், எனவே ஒருவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்குங்கள். வீடு வாங்க வெளிநாட்டிலிருந்து பணம் கொண்டுவந்தால், வங்கி தரும் வரவுச் சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள். விற்ற பணத்தை வெளியே அனுப்பும் நாளில் அதைக் கேட்பார்கள்.

வக்கீல்கள் எத்தனை பேர்? யாருக்கு யார் காசு கொடுப்பது?

பெரும்பாலும் மூன்று பேர். பெயர் மாற்றும் கன்வேயன்சரை விற்பவர் தேர்வு செய்வார், காசு வாங்குபவர் கொடுப்பார். பாண்டு பதியும் வக்கீலை வங்கி நியமிக்கும், அதற்கும் வாங்குபவர்தான். விற்பவரின் பழைய பாண்டை ரத்து செய்யும் வக்கீல் விற்பவர் செலவு. விற்பவர் தம் வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்பு கொடுக்காவிட்டால் அவருக்கு அபராத வட்டி விழலாம். வீட்டை விற்க முடிவெடுத்த அன்றே அறிவிப்பு கொடுப்பது நல்லது.

தரகர் கமிஷன் வழக்கமாக விற்பவர் தலையில். தரகரிடம் நடப்பில் செல்லும் ‘ஃபிடெலிட்டி ஃபண்ட்’ சான்று, அதாவது தரகு வேலைக்கான உரிமச் சான்று, இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாதவருக்குக் கமிஷன் கேட்கும் உரிமையே இல்லை.

என்னென்ன தாள்கள் தயாராக இருக்க வேண்டும்?

அடையாள அட்டை, திருமணச் சான்று அல்லது மணமுறிவு ஆணை, திருமண ஒப்பந்தம் இருந்தால் அது, வரி எண், மூன்று மாதத்துக்குள் வந்த முகவரிச் சான்று. கறுப்புப் பணத்தைத் தடுக்க ஆள் அடையாளம் சரிபார்க்கச் சொல்லும் ‘ஃபிக்கா’ சட்டத்துக்காக வக்கீலும் வங்கியும் தரகரும் தனித்தனியாக இதையே கேட்பார்கள். எரிச்சல்படாமல் ஒரு கட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயரில் தண்ணீர் பில் வரும் வீட்டில் இருப்பவர், அங்கேதான் வசிக்கிறார் என்று அப்பாவிடம் சத்தியக் கடிதம் வாங்கித் தர வேண்டும்.

பாண்டுக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டும் மூன்று மாத வங்கிக் கணக்கறிக்கையும். சொந்தத் தொழில் என்றால் இன்னும் நீண்ட காலக் கணக்கும் வரித் தாள்களும் கேட்பார்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்யாமல் பாக்கி வைத்திருந்தால், வாங்குபவரானாலும் விற்பவரானாலும் டிரான்ஸ்ஃபர் டியூட்டிக்கான சார்ஸ் ரசீது அங்கேயே தடைபடும்.

வீட்டு விலைக்கு மேல் எவ்வளவு செலவு?

பெரியது டிரான்ஸ்ஃபர் டியூட்டி. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் வந்த அளவுப்படி 12,10,000 ராண்ட் வரை வரி இல்லை. அதற்கு மேல் 16,63,800 வரை உள்ள பகுதிக்கு 3 சதவீதம். அடுத்து 23,29,300 வரை, 13,614 ராண்டோடு 16,63,800-க்கு மேற்பட்டதில் 6 சதவீதம். 15 லட்ச ராண்ட் வீட்டுக்கு 2,90,000-இல் 3 சதவீதம், அதாவது 8,700 ராண்ட். 19 லட்சத்துக்கு 13,614-உம் 2,36,200-இல் 6 சதவீதமான 14,172-உம் சேர்ந்து 27,786 ராண்ட்.

வரி இல்லாத விலையானாலும் சார்ஸின் விலக்குச் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. ஒப்பந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வரி கட்டாவிட்டால் ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. பில்டரிடம் வாங்கும் புது வீட்டில் அவர் வாட் பதிவு பெற்றவரானால் 15 சதவீத வாட் பொருந்தும், டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது. விலையில் வாட் அடங்கியதா என்பதை எழுத்தில் பாருங்கள்.

மற்றவை: இரண்டு வக்கீல் கட்டணம், அதற்கு வாட், பதிவகக் கட்டணம், வங்கியின் தொடக்கக் கட்டணம். இந்தக் கடைசியின் உச்சவரம்பு வாட்டோடு 6,037.50 ராண்ட். வக்கீல் கட்டணத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், தயங்க வேண்டாம். இந்தச் செலவுகளைப் பெரும்பாலும் கைப்பணத்தில்தான் கட்ட வேண்டும்.

முன்பணத்தை எங்கே போடுவது? வக்கீலின் வங்கி எண் மாறியதாக மெயில் வந்திருக்கிறது.

அந்த மெயிலை நம்பாதீர்கள். மோசடிக்காரர்கள் மெயிலுக்குள் புகுந்து, வக்கீல் அனுப்பியது போலவே கணக்கு எண்ணை மாற்றி அனுப்புகிறார்கள். 55 லட்ச ராண்டை இப்படி இழந்த ஒருவர் வக்கீல் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனம் பொறுப்பல்ல என்று முடித்தது. சரிபார்க்கும் பொறுப்பு பணம் அனுப்புபவருடையது.

அலுவலகத்துக்கு நேரில் போய்க் கணக்கு எண்ணை வாங்குங்கள், அல்லது முன்பே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலின் அடியில் உள்ள தொலைபேசி எண் வேண்டாம், அதுவும் போலியாக இருக்கலாம். பணம் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் போனதும், சட்ட நடைமுறைச் சட்டத்தின் 86(4) பிரிவில் முதலீடு செய்யும்படி எழுதிக் கொடுங்கள். அப்போது வட்டி உங்களுக்கு வரும், 5 சதவீதம் மட்டும் காப்பு நிதிக்குப் போகும். எழுதிக் கொடுக்காவிட்டால் வட்டி உங்கள் கைக்கு வராது.

விற்பவர் தண்ணீர், ரேட்ஸ் (மாநகராட்சிச் சொத்து வரி) பாக்கி வைத்திருக்கிறார். அது நம் தலையில் விழுமா?

மாநகராட்சியின் ரேட்ஸ் கிளியரன்ஸ் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. அதற்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டு பாக்கியை விற்பவர் கட்ட வேண்டும். சான்று 60 நாள்தான் செல்லும். அதற்குள் பதிவாகாவிட்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி தொகை. வேறேதோ தாள் தாமதமாகி இந்த 60 நாள் தீர்ந்துபோவதுதான் அடிக்கடி நடக்கிறது.

இரண்டு ஆண்டுக்கும் முந்தைய பழைய கடனைப் புதிய உரிமையாளரிடம் வசூலிக்க முடியாது என்று 2017 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அப்படி உங்கள் கணக்கில் ஏறினால் அந்தத் தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

எந்தெந்தச் சான்றிதழ்கள் வேண்டும்?

மின்சார இணக்கச் சான்று கட்டாயம். பெயர் மாறும் நாளில் அது இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதன் பிறகு வயரிங்கில் எதையாவது சேர்த்திருந்தால் அந்தப் பகுதிக்குப் புதிய சான்று வேண்டும். சோலாரும் இன்வெர்ட்டரும் இதில் அடங்கும். முகவரியும் சோதனை அறிக்கையும் சரியாக இருக்கின்றனவா, பின்புற அறையின் மின்பலகையையும் சோதித்தார்களா என்று பாருங்கள். முன்வீட்டை மட்டும் பார்த்துச் சான்று எழுதிவிடுவது உண்டு.

கேஸ் அடுப்பு பொருத்தியிருந்தால் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் புதிய கேஸ் சான்று. மின்வேலி இருந்தால் அதற்கும் சான்று, மாற்றம் எதுவும் செய்யாதவரை பழையதே தொடரும். மரப்பூச்சிச் சான்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் டர்பன் கடலோர ஈரத்தில் கூரை மரம் அரிப்பதால் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்பது நல்ல வழக்கம். நான்கும் விற்பவர் செலவில் என்று எழுதுங்கள்.

பின்னால் கட்டிய அறைக்கு அங்கீகரித்த பிளான் இல்லை. வாங்கலாமா?

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இது சாதாரணம். பிளான் இல்லாவிட்டாலும் பெயர் மாற்றம் நடந்துவிடும், ஆபத்தே அங்கேதான். பதிவான பிறகு அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பு நீங்கள். மாநகராட்சி வழக்குத் தொடுத்தால் இடிக்கும் உத்தரவும் வரலாம். தீயோ வெள்ளமோ வந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்தப் பகுதிக்குப் பணம் தர மறுக்கலாம்.

மாநகராட்சியில் பிளான் நகல் வாங்கி, கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கூடுதல் அறை, மூடிய கராஜ், எல்லைச் சுவரை ஒட்டிய கட்டடம் எல்லாம் தெரிந்துவிடும். ‘பதிவுக்கு முன் விற்பவர் தம் செலவில் அங்கீகாரம் வாங்கித் தர வேண்டும்’ என்பதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகச் சேருங்கள். சரிவு நிலத்தில் உள்ள வீடானால் தாங்குசுவரையும் மழைநீர் வாய்க்காலையும் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனைச் சுற்றி மண் சரிந்து வீடுகள் போனதைப் பார்த்தவர்கள் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கமாட்டார்கள்.

‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?

உள்ளது உள்ளபடி வாங்குகிறீர்கள் என்று பொருள். மறைந்திருக்கும் குறைக்கு விற்பவர் பொறுப்பேற்கமாட்டார். பிளான் இல்லாத கட்டடமும் இந்த வரிக்குள் அடங்கும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் அந்தக் காப்பு உடையும்.

2022 பிப்ரவரி 1 முதல், தரகர் வழியாக விற்கும் வீட்டுக்கு விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் ஒப்பந்தத்தோடு இணைய வேண்டும். கூரை ஒழுகலா, ஈரமா, பிளானா என்று அதில் கேள்விகள் இருக்கும். ‘இல்லை’ என்று டிக் போட்ட அந்தத் தாள்தான் பின்னால் உங்களுக்குச் சாட்சி. பத்திரமாக வைத்திருங்கள்.

ஃபிளாட் வாங்கினால்?

குடியிருப்புச் சங்கத்தின் லெவி, அதாவது பராமரிப்புக் கட்டணம், பாக்கி இல்லை என்ற சான்றும் வேண்டும். சங்கத்தின் கடைசிக் கணக்கு, பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம், நடத்தை விதிகள் மூன்றையும் கேட்டுப் படியுங்கள். கார் நிறுத்தும் இடம் தனிப் பத்திரமா, சங்க விதியால் ஒதுக்கியதா, வெறும் வாய்வழக்கமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புது வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் ஏதாவது சலுகை?

பில்டர் கட்டும் வீட்டை, வீடு கட்டுவோரைப் பதியும் என்எச்பிஆர்சி அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். கட்டமைப்புக்கு 5 ஆண்டு, கூரை ஒழுகலுக்கு 1 ஆண்டு, சிறு குறைகளுக்கு 3 மாதம் பொறுப்பு உண்டு. குறையை எழுத்தில், அந்தக் காலத்துக்குள் சொல்ல வேண்டும். குடும்ப மாத வருமானம் 3,501 முதல் 22,000 ராண்டுக்குள் உள்ளவர்கள், முதல் முறை வாங்கும்போது ‘ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ்’ மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

விற்பவர் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். நமக்கு ஏதாவது பொறுப்பு உண்டா?

உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. விற்பவர் இந்நாட்டு வரிவாசி அல்லாமல், விலை 20 லட்ச ராண்டுக்கு மேல் இருந்தால், தனிநபரானால் விலையில் 7.5 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து சார்ஸுக்குக் கட்ட வேண்டும். கன்வேயன்சர் செய்துவிடுவார், ஆனால் விற்பவரின் நிலையை நீங்களும் கேளுங்கள். அவர் அங்கிருந்து அனுப்பும் அதிகாரப் பத்திரம் தென்னாப்பிரிக்கத் தூதரகத்திலோ, அபோஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்வதற்கான அரசுச் சான்று) அங்குள்ள நோட்டரியிடமோ கையெழுத்தாக வேண்டும். மூலப்பிரதி கூரியரில் வரும் நாளையும் கணக்கில் சேருங்கள்.

அண்ணனிடமே மாதத் தவணையில் வாங்கினால் வங்கி வேண்டாமே?

செய்யலாம். ஓராண்டுக்கு மேல், இரண்டு தவணைக்கு மேல் போகும் ஒப்பந்தத்தைப் பத்திரப் பதிவகத்தில் குறித்து வைக்க வேண்டும். அதற்கு முன் விற்பவர் தவணைப் பணம் வாங்கக் கூடாது. அந்தக் குறிப்பு உங்கள் காப்பு: அண்ணன் கடனில் விழுந்தாலும், இறந்துபோனாலும், வீட்டின் மேல் உங்கள் உரிமை பதிவில் நிற்கும். பாசத்துக்காகக் குறைந்த விலை எழுதினால் சார்ஸ் சந்தை மதிப்பில்தான் வரி போடும், வித்தியாசத்துக்கு நன்கொடை வரியும் வரலாம்.

பழைய பத்திரத்தில் ‘ஆசியருக்கு விற்கக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கிறது.

1922-இல் நாட்டால் மாகாணம் கொண்டுவந்த ஆணை, நகரசபை நிலத்தை விற்கும்போது இனத்தைச் சொல்லி விலக்க டர்பனுக்கு அனுமதி தந்தது. அந்தக் காலத்து வரி அது. இன அடிப்படையிலான நிலச் சட்டங்கள் 1991 ஜூன் 30-இல் நீக்கப்பட்டன. அந்த வரிக்கு இன்று எந்த வலிமையும் இல்லை. புதுப் பத்திரத்தில் விட்டுவிடும்படி கன்வேயன்சரிடம் கேளுங்கள். ஆனால் அதே பக்கத்தில் உள்ள மற்ற நிபந்தனைகள், ஒரு மனைக்கு ஒரு வீடு, தெருவிலிருந்து இத்தனை அடி, சாக்கடைக் குழாய் போகும் பாதை போன்றவை இன்னும் உயிரோடு இருக்கும். அவற்றைப் படிக்காமல் மேலே மாடி கட்டத் திட்டம் போடாதீர்கள்.

மொத்தம் எத்தனை நாள்?

தடங்கல் இல்லாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து சுமார் மூன்று மாதம். மூன்று வக்கீல்களும் பெயர் மாற்றம், புது பாண்டு, பழைய பாண்டு ரத்து மூன்றையும் ஒரே நாளில் பதிவகத்தில் தாக்கல் செய்வார்கள். ஒன்று தயாராகாவிட்டால் மூன்றும் நிற்கும். பரிசோதனைக்கு ஏழு முதல் பத்து வேலை நாள். பிழை கண்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி வரிசை. விற்பவர் மூலப் பத்திரத்தைத் தொலைத்திருந்தால் பத்திரிகை அறிவிப்பும் இரண்டு வாரப் பார்வைக் காலமும் சேரும். இதை முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

பதிவு முடிந்தது. இனி?

அன்றிலிருந்தே வீட்டுக் காப்பீடு உங்கள் பெயரில் ஓட வேண்டும். அந்த வாரமே மாநகராட்சியில் தண்ணீர், மின்சார, ரேட்ஸ் கணக்கைத் திறந்து வைப்புத்தொகை கட்டுங்கள். மீட்டர் அளவைப் படம் எடுத்து வையுங்கள். பாண்டு இருந்தால் மூலப் பத்திரம் வங்கியிடம் போகும், உங்களுக்கு நகல். அந்த நகலில் பெயர், அடையாள எண், எர்ஃப் எண் மூன்றையும் மறுபடி படியுங்கள். எழுத்து தவறியிருந்தால் கன்வேயன்சரிடம் உடனே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து உயில் எழுதுங்கள்.